குருதியில் வென்ற மருத்துவம் மூளையில் ஏன் தயங்குகிறது?

(முதுகலை விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

எங்கள் ஊர் ஆலங்காயம் என்று சொன்னால், "காவலூர் தொலைநோக்கி இருக்கிறதே, அந்தப் பக்கமா?" என்று கேட்காத பேராசிரியர் நம் கல்லூரியில் இல்லை. ஆம், அந்தப் பக்கந்தான். 1986 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள், ஜவ்வாது மலைமேல் 2.3 மீட்டர் விட்டமுள்ள அந்தப் பெரிய தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயர் அன்று அதற்குச் சூட்டப்பெற்றது. இதை எங்கள் ஊர்ச் சிறுவனும் சொல்வான். ஆனால் அதே 1986 இல் பக்கத்து வேலூரில் நடந்த ஒன்றை எங்கள் ஊரார் பலர் அறியார். கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் மாமன் சாண்டி குழுவினர், தலசீமியா என்னும் இரத்த நோயுடைய ஒருவருக்கு எலும்பு மச்சையை மாற்றி வைத்தார்கள். மூன்றாண்டுகளுக்கு முன், 1983 இல், பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி இரத்தப் புற்றுநோய்க்காக இதைச் செய்திருந்தார். ஒருவருடைய உடலின் காவற்படையையே மாற்றியமைக்கலாம் என்ற எண்ணம் நம் நாட்டில் இவ்வாறுதான் காலூன்றியது. அந்த எண்ணம் இன்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே வந்து தடுமாறி நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. என் தாய்மாமன் பால் வண்டி ஓட்டியவர். அவருக்குக் காலை வேளைகளில் தலைவலி வந்தது. கண் பார்வைக் கோளாறு என்றார்கள். கண்ணாடி போட்டுக் கொண்டார். பிறகு ஒரு நாள் கைவலிப்பு வந்து விழுந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. அறுவை, கதிர் சிகிச்சை, மாத்திரை என எல்லாம் நடந்தும் பதினான்காம் மாதத்தில், 2016 இல், அவர் இறந்தார். இரண்டாண்டு கழித்து என் சித்தப்பா மகள், அப்போது ஒன்பது வயது, விடாத காய்ச்சலோடும் உடம்பெல்லாம் நீலத் திட்டுகளோடும் படுத்தாள். இரத்தப் புற்றுநோய் என்று சொன்னதும் வீடே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டது. திரைப்படங்களில் அந்த நோய் வந்த கதாநாயகர்கள் யாரும் பிழைத்ததில்லை அல்லவா? ஆனால் தங்கை பிழைத்தாள். இன்று மேனிலைப் பள்ளியில் படிக்கிறாள். என்னைவிட வேகமாக சைக்கிள் ஓட்டுகிறாள்.

இருவருக்கும் வந்தது புற்று. இருவரையும் அதே வாணியம்பாடிப் பேருந்தில்தான் அழைத்துச் சென்றோம். ஒருவர் போனார், ஒருத்தி மீண்டாள். பாட்டி இதைத் தலையெழுத்து என்றார். விலங்கியல் படிக்க வந்தபின், மூன்றாம் பருவத்தில் தடுப்பாற்றலியல் பாடம் நடந்தபோதுதான் எனக்கு வேறொரு விடை கிடைக்கத் தொடங்கியது.

முதலில் தங்கையின் நோயைப் பார்ப்போம். நம் இரத்தத்தின் வெள்ளணுக்களில் நிணஅணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றில் பி அணுக்கள் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன; டி அணுக்கள் கெட்டுப்போன அணுக்களைத் தேடிப் பிடித்துக் கொல்கின்றன. எலும்பு மச்சையில் பிறக்கும் பி அணு ஒன்று முதிராமல், கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கினால் அதுவே குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்று. மச்சை முழுவதையும் அது அடைத்துக் கொள்வதால் சிவப்பணு குறைந்து சோகை வருகிறது. தட்டணு குறைந்து நீலத் திட்டு வருகிறது. நல்ல வெள்ளணு குறைந்து காய்ச்சல் வருகிறது.

இந்நோய்க்கு முதன்முதல் மருந்து கண்டவர்களுள் நம் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எல்லாப்பிரகட சுப்பாராவ், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 இல் பிறந்தவர். கதர் உடுத்திக் கல்லூரிக்கு வந்த குற்றத்திற்காக அவருக்கு முழுப் பட்டம் மறுக்கப்பட்டுக் கீழான சான்றிதழே கிடைத்தது என்பர். அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வகத்தில் அவரும் அவர் குழுவினரும் ஆக்கித் தந்த ஃபோலிக் அமில எதிரியைக் கொண்டுதான் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றை முதன்முறையாகத் தணித்துக் காட்டினார். அம்முடிவு வெளிவந்த 1948 ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட் என் தங்கையின் உடலிலும் ஏறியது. அந்த மஞ்சள் மருந்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருந்ததே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

தங்கைக்கு அந்த மருந்தை முதுகுத் தண்டிலும் ஊசியாகப் போட்டார்கள். வாய்வழி மருந்தும் நரம்புவழி மருந்தும் மூளைக்குள் போதிய அளவு புகுவதில்லை; மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் மதில்போல் அவற்றைத் தடுக்கின்றன; ஆகவே புற்றணுக்கள் அங்கே போய் ஒளிந்து கொள்கின்றன. அதற்காகவே முதுகு ஊசி. இந்த மதிலை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் தங்கை மருந்தாலேயே குணமானவள். ஆனால் சிலருக்கு நோய் திரும்ப வருகிறது. திரும்பி வந்த புற்று பெரும்பாலும் பழைய மருந்துக்கு மசிவதில்லை. அந்த நிலையில் எலும்பு மச்சை மாற்றம் ஒன்றே வழியாக நெடுநாள் இருந்தது. இதில் மருத்துவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். புது மச்சையோடு வந்த பிறருடைய டி அணுக்கள், எஞ்சியிருந்த புற்றணுக்களை அந்நியமென்று இனங்கண்டு அழித்தன. அப்படியானால் நோயைக் கொல்வது மருந்து மட்டுமன்று, படையும்தான்! ஆனால் பிறர் படை நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றையும் அந்நியமென்று தாக்கும். நோயாளியின் சொந்தப் படைக்கே புற்றை இனங்காணக் கற்றுக் கொடுத்தால் என்ன?

சொந்த டி அணு ஏன் தானாகவே புற்றைக் காண்பதில்லை என்று கேட்கலாம். டி அணு, ஒரு பொருளை மற்ற அணு தன் மேற்பரப்பில் ஒரு தட்டில் வைத்து நீட்டினால்தான் காணும். புற்றணு அந்தத் தட்டையே எடுத்து மறைத்துக் கொள்கிறது. பி அணு செய்யும் எதிர்ப்பொருளுக்கோ தட்டு வேண்டியதில்லை. நேரே பார்த்துப் பற்றும். ஆனால் அதற்குக் கொல்லும் வலிமை குறைவு. 1989 இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஸெலிக் எஷ்ஹாரும் அவருடைய குழுவினரும் இரண்டையும் இணைத்தார்கள். எதிர்ப்பொருளின் பற்றும் நுனியை டி அணுவின் உடலில் பொருத்தினார்கள். பி அணுவின் கண். டி அணுவின் கை. இவ்வாறு ஒட்டுப்போட்ட ஏற்பியே இன்று 'கார்' எனப்படுகிறது. அதைத் தாங்கிய அணு கார்-டி அணு. (நம் ஊர்த் தெருவில் ஓடும் காருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வகுப்பில் சொன்னபோது கடைசி வரிசை சிரித்தது.)

செய்முறை இதுதான். நோயாளியின் இரத்தத்தைச் சில மணி நேரம் ஓர் இயந்திரத்தின் வழியே ஓடவிட்டு, வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். பிறகு, தீங்கு செய்யும் பகுதி நீக்கப்பட்ட ஒரு வைரஸின் மூலம் புதிய மரபணுவை டி அணுக்களுக்குள் செலுத்துவார்கள். அந்த வைரஸ் எய்ட்ஸ் நோய் வைரஸின் குடும்பத்திலிருந்து செய்யப்படுவது. உலகமே அஞ்சிய ஒன்று இங்கே சுமைகூலியாக வேலை செய்கிறது. அணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி, நோயாளிக்கே ஒரு பையிலிருந்து இரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றுவார்கள். மாத்திரை கரைந்து போகும். இந்த அணுக்களோ உடலுக்குள் பெருகும், சிலருக்குப் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும்.

2012 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், இருமுறை நோய் திரும்பிய எமிலி ஒயிட்ஹெட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு இது செய்யப்பட்டது. பேராசிரியர் கார்ல் ஜூன் ஆய்வகத்தில் செய்த அணுக்கள். ஏற்றிய சில நாளில் கடுங்காய்ச்சல், செயற்கைச் சுவாசம், பிழைக்க மாட்டாள் என்ற நிலை. பெருகிய டி அணுக்கள் கொட்டிய வேதிப்பொருள்களின் புயல் அது. அவற்றுள் ஒன்று மிகுந்திருப்பதைக் கண்டு, மூட்டுவாத நோய்க்குப் பயன்படும் ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். புயல் அடங்கியது. தன் ஏழாவது பிறந்த நாளில் அவள் கண் விழித்தாள். புற்று போய்விட்டிருந்தது. இதன் தொடர்ச்சியாக நோய் திரும்பிய 75 சிறார், இளைஞரிடம் செய்த ஆய்வின் முடிவு 2018 இல் வெளியாயிற்று. மூன்று மாதத்திற்குள் 81 சதவீதத்தினருக்கு நோய் தணிந்திருந்தது. இதற்கு முன்னரே, 2017 ஆகஸ்டில், அமெரிக்க அரசு இம்மருந்தை ஏற்றுக் கொண்டது. விலை 4,75,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்று கோடி ரூபாய்.

மூன்று கோடி என்றால் எங்கள் மலையடிவாரத்தில் ஒரு தெருவையே விற்றாலும் வராது. இங்கேதான் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களை நான் பெருமையோடு நினைக்கிறேன். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராகுல் பூர்வார், டாட்டா நினைவு மருத்துவ மையத்து மருத்துவர்களுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே கார்-டி அணுக்களை உருவாக்கினார். நெக்ஸ்கார்19 என்னும் அம்மருந்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது; 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார். வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்கே ஆயிற்று; ஆயினும் நாற்பது லட்சத்தைச் சுற்றியே நின்றது. ஆராய்ச்சியில் பலன் கணிக்கப்பட்டவர்களில் சுமார் 73 சதவீதத்தினருக்கு நற்பலன் கிட்டியதாக 2025 இல் முடிவு வெளியாயிற்று.

நம் வேலூர் மருத்துவமனை மற்றொரு வழியில் சென்றது. அணுக்களைத் தொலைவில் உள்ள தொழிற்சாலைக்கு அனுப்பிக் காத்திராமல், மருத்துவமனைக்குள்ளேயே மூடிய இயந்திரம் ஒன்றில் ஒன்பது நாள் அளவில் அவற்றை ஆக்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த அந்த முதற்கட்டச் சோதனையில் பத்துப் பேர் பங்கு கொண்டனர்; அவர்களுள் ஆறு பேர் கடும் இரத்தப் புற்று உடையவர்கள். அந்த ஆறு பேருக்கும் பலன் கிடைத்தது. 2025 இல் இதன் விவரம் வெளியானபோது நம் துறையில் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து காலையில் புறப்பட்டால் பகலுக்குள் போய்ச் சேரும் இடத்தில் இது நடக்கிறது என்பது எனக்குச் சிறிய செய்தியன்று.

இனி மாமாவின் நோய்க்கு வருவோம். மூளை அறுவையிலும் வேலூருக்கு ஒரு முதன்மை உண்டு. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேகப் சாண்டி, 1949 இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அங்கே தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். எனினும், மாமாவுக்கு வந்த கிளையோபிளாஸ்டோமா என்னும் கட்டியைக் கத்தியால் முழுக்க எடுக்க முடிவதில்லை. அது பலாப்பழத்துக் கொட்டைபோல் தனியே இராது. மண்ணில் வேர்போல் நல்ல மூளைக்குள் ஓடியிருக்கும். 2005 இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், அறுவைக்குப் பின் கதிரும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வாழ்ந்த காலம் 14.6 மாதம். என் மாமாவின் பதினான்கு மாதக் கணக்கை ஒரு நூலகத்து மேசையில் அச்சில் கண்ட அன்று நான் அடுத்த வகுப்புக்குப் போகவில்லை.

அப்படியானால் கார்-டி அணுக்களை மூளைக் கட்டிமீது ஏவக் கூடாதா? நானும் முதலில் முதுகு ஊசியை நினைத்து, அந்த மதில்தான் தடை என்று எண்ணினேன். மூளையைத் தடுப்பாற்றல் எட்டாத இடம் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் கருதினார்கள். 1948 இல் பீட்டர் மெடாவர் முயலின் மூளையில் அயல் தோலை வைத்தபோது உடல் அதை எளிதில் வெறுத்து ஒதுக்கவில்லை. ஆனால் என் விடை தவறு. இரத்தப் புற்றுக்காக ஏற்றப்பட்ட கார்-டி அணுக்கள் நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலேயே காணப்பட்டிருக்கின்றன. மருந்துக்கு மதிலாக நிற்பது உயிருள்ள டி அணுவுக்கு வாயிலாகவும் ஆகிறது. மூளை உறைகளில் நிணக் குழாய்கள் உண்டென்றும் 2015 இல் எலிகளில் காட்டப்பட்டது.

உண்மையான தடை இனங்காணுவதில்தான் இருக்கிறது. இரத்தப் புற்றில் கார்-டி அணு தேடுவது சி.டி.19 என்னும் அடையாளத்தை. அது புற்றணுவுக்கு மட்டும் உரியதன்று. நல்ல பி அணுக்கள் எல்லாவற்றின் மேலும் இருக்கிறது. ஆகவே சிகிச்சை நல்ல பி அணுக்களையும் ஒட்டக் கொன்றுவிடுகிறது. அதனால் என்ன? பி அணு இல்லாமலும் மனிதன் வாழலாம். குறையும் எதிர்ப்பொருளை ஊசியாகக் கொடுக்கலாம். குற்றவாளியைத் தனியே பிரிக்காமல், அவன் குலத்தையே துறந்து கிடைத்த வெற்றி இது! மூளையில் இவ்வாறு துறக்கத்தக்க அணு எது? மூளை அணுக்களுக்கும் கட்டிக்கும் பொதுவான அடையாளம் ஒன்றைக் குறிவைத்தால், நோயோடு நினைவும் பேச்சும் போய்விடும். கட்டிக்கே உரிய அடையாளங்களோ ஒரே கட்டியில் ஓரிடத்தில் இருக்கும், மற்றோர் இடத்தில் இரா. போதாக்குறைக்கு, மண்டை ஓடு மூடிய பெட்டி. டி அணுக்கள் வென்றாலும் அங்கே வீக்கம் வரும்; வீக்கமே உயிரைப் பறிக்கலாம்.

கட்டி தன்னைச் சுற்றி டி அணுக்களைச் சோர்வுறச் செய்யும் சூழலையும் அமைத்துக் கொள்கிறது. டி அணுவின் தடைக்கட்டையை விடுவிக்கும் மருந்துகளுக்காக 2018 இல் ஆலிசனும் ஹோன்ஜோவும் நோபல் பரிசு பெற்றார்கள். தோல் புற்றில் அற்புதம் செய்த அம்மருந்துகளுள் ஒன்று, கிளையோபிளாஸ்டோமா மீண்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் ஆயுளை நீட்டித் தரவில்லை.

எனினும் கதவு முழுதும் அடைபடவில்லை. 2016 இல் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில், மூளையிலும் தண்டுவடத்திலும் பரவிய கட்டியுடைய ஒருவருக்குக் கார்-டி அணுக்களை நேரே மூளையின் நீர் அறைக்குள் செலுத்தினார்கள். கட்டிகள் யாவும் மறைந்தன! ஏழரை மாதம் அந்நிலை நீடித்தது. பிறகு புதிய இடங்களில் கட்டி எழுந்தது. குறிவைத்த அடையாளம் அவற்றில் குறைந்திருந்தது. களையெடுத்த வயலில், கண்ணில் படாத களை மட்டும் தழைத்த கதை. 2024 இல் பாஸ்டனில் மூவருக்கு, ஓர் அடையாளத்தைத் தேடிச் சென்று, அங்கே இரண்டாம் அடையாளத்தைப் பற்றும் பொருளையும் சுரக்கும் அணுக்களைக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஐந்தே நாளில் கட்டி ஏறக்குறைய மறைந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

குழந்தைகளின் மூளைத் தண்டில் வரும் கொடிய கட்டியில் சற்று வேறான செய்தி இருக்கிறது. அக்கட்டியின் அணுக்கள் பெரும்பாலும் எல்லாமே ஜி.டி.2 என்னும் ஒரே சர்க்கரைக் கொழுப்பை மிகுதியாகத் தாங்கி நிற்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் கிரிஸ்டல் மக்கால், மிஷெல் மோன்யே ஆகிய இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் அதைக் குறிவைத்தார்கள். 2024 இறுதியில் வெளியான அறிக்கைப்படி, சிகிச்சை பெற்ற 11 பேரில் நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. ஒருவருக்கு முற்றும் மறைந்து ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. வீக்கம் வந்தபோது, தலைத் தோலுக்கடியில் முன்பே பொருத்திய சிறு குமிழின் வழியே நீரை இறக்கிக் காத்தார்கள். அந்தக் குமிழை 1963 இல் உருவாக்கியவர், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்த அயூப் ஓமாயா என்னும் அறுவை மருத்துவர். அடையாளம் சீராக இருந்த இடத்தில் அணுக்கள் வெல்லத் தொடங்குகின்றன என்பதை இது காட்டுகிறது. ஆகவே இன்று ஆய்வகங்களில் இரண்டு மூன்று அடையாளங்களை ஒருங்கே காணும் அணுக்களையும், இரண்டு அடையாளமும் ஒரே இடத்தில் கண்டாலன்றிக் கொல்லாத அணுக்களையும் ஆக்கி வருகிறார்கள்.

இக்கட்டுரைக்காகப் படித்தவற்றைப் பொங்கல் விடுமுறையில் வீட்டில் சொல்லிக் கொண்டிருந்தேன். தங்கை, "எனக்குத் திரும்ப வந்தா அந்தக் கார் போடுவாங்களா அண்ணா?" என்றாள். ஐந்தாண்டு கடந்துவிட்டதால் அப்படி வருவது அரிது என்றேன். வந்தாலும் வழி இருக்கிறது, அதுவும் வேலூரிலேயே இருக்கிறது என்று சொன்னபோது எனக்கே மனம் இலேசாயிற்று.

அத்தை முறத்தில் சாமை புடைத்துக் கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இதெல்லாம் அப்பவே இருந்திருந்தா உங்க மாமா பொழச்சிருப்பாராப்பா?"

ஆம் என்று சொல்ல வாய் வந்தது. படித்தவன் பொய் சொல்லக் கூடாதென்று, "இல்ல அத்தை, அவருக்கு வந்ததுக்கு இன்னும் கண்டுபிடிக்கல. தேடிக்கிட்டு இருக்காங்க," என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், இரும்புப் பெட்டியிலிருந்து மாமாவின் பழைய ஸ்கேன் படங்களை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "உனக்குப் படிக்க ஆகும்னா வச்சிக்கோ" என்றார்.